சங்கத்துச் சுவரும் மூன்று பையன்களும்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். எங்கள் ஊர் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். தோட்டத்தை விட்டு வெளியே வந்த குடும்பங்கள் சேர்ந்து கட்டிய சங்கக் கட்டடம் ஒன்று எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், இருக்கிறது. போன மாதம் ஒரே ராத்திரியில் அதன் பக்கச் சுவரில் மூன்று பையன்கள் பைலாக்ஸ் (ஸ்ப்ரே சாயம்) அடித்துவிட்டார்கள். பதினாறு, பதினேழு வயதுதான். ஆள் உயர ஆங்கில எழுத்துகள், சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு மெல்ல மாறும் நிறம், கறுப்பு விளிம்பு, ஓரத்தில் ரப்பர் பால் பிடிக்கும் மங்கு ஒன்று. யார் வீட்டுப் பிள்ளைகள் என்று எல்லாருக்கும் தெரியும். செயலவையில் பாதிப் பேர் போலீஸில் புகார் கொடுக்கச் சொல்கிறார்கள். மீதிப் பேர், "பினாங்கில் வரைந்தால் கலை, நம் பிள்ளை வரைந்தால் குற்றமா?" என்று கேட்கிறார்கள். இதற்கிடையில் ஒருவர் தின்னர் ஊற்றித் தேய்க்கப் போய், ஒரு மூலை முழுக்க இளஞ்சிவப்பாகத் திட்டுத் திட்டாகிவிட்டது. பஸ் நிறுத்தத்தில் யாரோ ஓர் எண்ணை எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தப் பழியையும் இவர்கள் மேல் போடுகிறார்கள். இது கலையா, நாசவேலையா? நாங்கள் என்ன செய்வது?

பெ., சுங்கை சிப்புட்

அன்புள்ள பெ.,

முதலில் தின்னரை நிறுத்தச் சொல்லுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

சங்கத்துச் சுவர் சிமெண்டுப் பூச்சின் மேல் எமல்ஷன் அடித்ததாக இருக்கும். பைலாக்ஸைக் கரைக்கிற அதே தின்னர் அடியிலிருக்கும் எமல்ஷனையும் கரைக்கும். இரண்டும் குழம்பாகிப் பூச்சின் நுண்துளைகளுக்குள் இறங்கிவிடும். அப்படி உள்ளே போன சாயம் தேய்த்தால் வராது, தேய்க்கத் தேய்க்கத் திட்டுதான் பெரிதாகும். சாயம் இறங்க வழியில்லாத பரப்பில்தான் தின்னர் உதவும்: கண்ணாடி, மெருகு ஓடு, ஸ்டீல். கடை ஷட்டரில் தேய்த்தால் ஷட்டரின் சொந்தச் சாயமும் சேர்ந்து உரியும். அக்ரிலிக் பெயர்ப்பலகை மங்கி, மயிரிழை வெடிப்பு விடும். சாலை அறிவிப்புப் பலகையில் பட்டாலோ, இரவில் வண்டி வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும் படலமே கெட்டுவிடும்.

கெட்ட மூலையை ஒரு வாரம் காயவிடுங்கள். உரிந்து நிற்பதைச் சுரண்டிவிட்டு, கறை தடுக்கும் எண்ணெய் வகை சீலர் ஒரு கோட் அடியுங்கள். அதன் மேல் எமல்ஷன் இரண்டு கோட். சீலர் இல்லாமல் நேராக எமல்ஷன் அடித்தால் சிவப்பு மேலே கசிந்து வரும். மார்க்கர் மையும் அப்படித்தான் கசியும். திட்டை மட்டும் மறைக்க நினைக்காதீர்கள். பழைய சாயம் வெயிலில் வெளுத்திருக்கும், அதே நிற எண்ணில் வாங்கினாலும் நிறம் ஒத்துப்போகாது, சுவரில் ஒரு சதுரம் பளிச்சென்று தெரியும். அடுத்தவன் எழுதக் கட்டம் போட்டுக் கொடுத்ததுபோல் ஆகிவிடும். மூலையிலிருந்து மூலைவரை அடிப்பதுதான் சரி. ஆனால் இந்த மேல்பூச்சை இப்போதே வாங்கிவிட வேண்டாம். காரணம் கடைசியில் வரும்.

அடுத்து, பஸ் நிறுத்தத்து எண். இதை மற்றதோடு சேர்த்துப் பேசவே கூடாது. 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களைச் சட்டவிரோத அமைப்புகள் என்று அறிவித்தது. அவற்றில் பலவற்றுக்குப் பெயரே எண்தான். அப்படியோர் எண் சுவரில் வந்தால், இந்த இடம் யாருடைய கையில் இருக்கிறது என்று ஊருக்குச் சொல்கிறார்கள் என்று பொருள். கடன் வாங்கியவன் வீட்டு வாசலில் ஆலோங், அதாவது சட்டவிரோதமாக வட்டிக்கு விடுபவன், சிவப்புச் சாயம் வீசுவதும் இந்த வகைதான். பார்ப்பவன் பயப்பட வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். படம் எடுத்து, தேதியும் நேரமும் குறித்து, போலீஸில் சொல்லிவிட்டு, கூடுமானவரை அன்றைக்கே மறைத்துவிடுங்கள். ஆதாரம் இல்லாமல் அதை இந்தப் பையன்கள் தலையில் கட்டுவது பெரிய அநியாயம். சுவரில் பைலாக்ஸ் அடித்தவன் என்ற பெயர் நாளடைவில் மறைந்துவிடும். கும்பல்காரன் என்ற பெயர் படிப்புக்குப் போனாலும் வேலைக்குப் போனாலும் பின்னாலேயே வரும்.

இனி உங்கள் கேள்வி. கலையா என்பதைக் கை செய்திருக்கும் வேலையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நாசவேலையா என்பதற்குச் சுவர் யாருடையது, அவரைக் கேட்டார்களா என்று பார்க்க வேண்டும். ஒன்றின் பதில் மற்றதை மாற்றாது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், சங்கத்துச் சுவரில் இருப்பது இரண்டும்தான்.

நம் தண்டனைச் சட்டத்தின் 425ஆம் பிரிவு, பிறருக்கு நட்டம் வரும் என்று தெரிந்தே அவர் சொத்தின் மதிப்பையோ பயனையோ குறைக்கும் மாற்றத்தைச் செய்வதைக் குற்றம் என்கிறது. அழகாக இருந்ததா என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை. பினாங்கு பற்றிக் கேட்டவர்களுக்கும் ஒரு பதில் இருக்கிறது. பினாங்கின் ஜார்ஜ்டவுனில் எர்னஸ்ட் ஸகாரெவிச் என்ற கலைஞர் வரைந்த சைக்கிள் பிள்ளைகள் சுவரோவியம், 2012இல் ஜார்ஜ்டவுன் விழாவுக்காக அழைத்து வரையவைத்தது. அதே கலைஞர் 2013 நவம்பரில் ஜொகூர் பாருவில், லெகோ பொம்மைப் பெண் ஒருத்தி தெருமுனையை நோக்கி வர, திருப்பத்துக்கு அப்பால் கத்தியோடு திருடன் காத்திருப்பதுபோல் வரைந்தார். மாநகர் மன்றம் சாயம் அடித்து மறைத்துவிட்டது. கை ஒன்றுதான், திறமையும் ஒன்றுதான்.

ஒப்புதல் இருந்தும் சிக்கல் வந்த கதையும் உண்டு. நியூயார்க்கில் ஃபைவ் பாயின்ட்ஸ் என்ற பழைய தொழிற்கூடத்தின் சுவர்களில் உரிமையாளர் சம்மதத்தோடு பல ஆண்டுகள் வரைந்தார்கள். 2013 நவம்பரில் ஓர் இரவில் அவரே எல்லாவற்றிலும் வெள்ளையடித்தார். 2018இல் நீதிமன்றம் 45 ஓவியங்களுக்காக 21 கலைஞர்களுக்கு 6.75 மில்லியன் டாலர் கொடுக்கச் சொன்னது. அது அமெரிக்காவின் தனிச்சட்டம், இங்கே அப்படியே பொருந்தாது. ஆனாலும் வாய்வார்த்தைச் சம்மதம் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதை உங்கள் செயலவை அதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல ஆசை. கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் ஆதன் போன்ற பெயர்கள் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் கீறப்பட்டிருக்கின்றன. ஓடுகளில் உள்ள கீறல் குறியீடுகளைத் தொல்லியலார் ஆங்கிலத்தில் கிராஃபிட்டி என்றுதான் குறிக்கிறார்கள். பெயரைக் கீறிவைக்கும் ஆசை நமக்குப் புதியதில்லை. தன் பானையில் தன் பெயரைக் கீறினால் யாரும் கேட்கப்போவதில்லை. பக்கத்து வீட்டுப் பானையில் கீறினால்தான் சண்டை வரும்.

கை செய்த வேலைக்கு வருகிறேன். செயலவையினர் ஒருமுறை பகல் வெளிச்சத்தில் சுவரருகே போய் நின்று பார்க்க வேண்டும். வெறும் பெயரைக் கிறுக்குவதை டேக் என்பார்கள், அரை நிமிட வேலை. இரண்டு நிறத்தில் ஊதிப் பெருத்த எழுத்து த்ரோ-அப். நிறம் நிரப்பி, நிழல் கொடுத்து, விளிம்பு கட்டி முடித்தது பீஸ். உங்கள் சுவரில் இருப்பது பீஸ். சிவப்பு மஞ்சளாக மாறும் இடத்தில் கோடு தெரிகிறதா பாருங்கள். தெரியாவிட்டால், டின்னை ஒன்றேகால் அடி தள்ளிப் பிடித்துத் தூசிபோல் தூவி, ஒரு நிறத்தின் மேல் மற்றதைப் படரவிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். கறுப்பு விளிம்பு தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே தடிமனாக இருக்கிறதா? டின்னுக்கு மெல்லிய மூக்கு (சாயம் பீய்ச்சும் முனை) போட்டு, இரண்டு அங்குலத் தூரத்தில், மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து கையை ஓட்டினால்தான் அது வரும். கை வேகம் குறைகிற இடத்தில் சாயம் சேர்ந்து வழியும். திருப்பத்தில் எல்லாருக்கும் கை வேகம் குறையும். வழிந்த சொட்டு எங்கெங்கே இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தாலே பையன்களின் பயிற்சி தெரிந்துவிடும்.

அவர்களைத் தமிழில் எழுதச் சொல்லிப் பாருங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்தில் நேர்கோடு அதிகம். தமிழில் சுழி, கொம்பு, வளைவு. ஒரு 'ழ' எழுத எத்தனை இடத்தில் திரும்ப வேண்டியிருக்கிறது! சுழிக்குள் சாயம் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். அதனால் முதலில் சுழியின் உள்வெளியைப் பின்னணி நிறத்தில் பெரிதாக விட்டு, வெளிக்கோட்டை ஓட்டிவிட்டு, பிறகு பின்னணி நிறத்தால் உள்ளே திரும்ப வெட்டிச் சரிசெய்ய வேண்டும். ஆங்கில எழுத்தின் காலை அம்பாக நீட்டுவதுபோல் நம் கொம்பையும் காலையும் நீட்டலாம். புள்ளியை மட்டும் அலங்காரத்துக்காக இடம் மாற்றக்கூடாது, சொல்லே வேறாகிவிடும்.

என் யோசனை இதுதான். செய்த தவறுக்குப் பையன்கள் பெற்றோரோடு வந்து சங்கத்தில் மன்னிப்புக் கேட்கட்டும். கெட்ட மூலையையும் முழுச் சுவரையும் அவர்கள் கையாலேயே தயார் செய்யட்டும். பிறகு அதே சுவரை எழுத்தில் ஒப்பந்தம் போட்டு அவர்களுக்குக் கொடுங்கள். ஒப்பந்தத்தில் அளவு, முன்கூட்டிக் காட்டிய வரைபடம், எத்தனை ஆண்டு இருக்கும், மறைப்பதானால் எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், சாயச் செலவு யாருடையது என்று எல்லாம் இருக்கட்டும். சுவர் தெருவைப் பார்த்திருந்தால் நகராண்மைக் கழகத்துக்கும் ஒரு கடிதம் கொடுத்து அனுமதி கேளுங்கள்.

சுவரை மட்டும் அரைகுறையாகக் கொடுத்துவிடாதீர்கள். ஆர்வத்தோடு வரையவைத்த பல சுவர்கள் ஒன்றிரண்டு மழைக்காலத்தில் தோல் உரிந்து நிற்பதற்குக் காரணம் ஓவியனில்லை, அடித்தளம்தான். உள்ளங்கையால் சுவரைத் தேயுங்கள். வெள்ளை மாவு ஒட்டினால் பழைய சாயம் செத்துவிட்டது. ஒட்டும் டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுங்கள், சாயம் கூடவே வந்தால் அவ்வளவையும் சுரண்ட வேண்டும். ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஓர் இரவு விடுங்கள். காலையில் உட்புறம் வியர்த்திருந்தால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது. நம் ஊர்ச் சுவர்களில் கீழ் இரண்டு, மூன்று அடி இப்படித்தான். அந்த ஈரத்தை அடக்க எண்ணெய்ச் சாயம் அடிப்பார்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் கொப்புளமாகி, உப்புப் பூத்து, படலத்தோடு கழன்று விழும். சுவரடியில் வடிகால் சரிசெய்து, கீழ்ப்பகுதியை எமல்ஷனோடு விட்டு, படத்தை மூன்றடிக்கு மேலிருந்து தொடங்குங்கள். தனியே நிற்கும் மதிலாக இருந்தால் உச்சியையும் பார்க்க வேண்டும். மழை மேலேயிருந்தே உள்ளே இறங்கும்.

பாசி இருந்தால் ஒரு பங்கு குளோராக்ஸுக்கு (ப்ளீச் திரவம்) மூன்று பங்கு தண்ணீர், கால்மணி நேரம் விட்டுக் கழுவுங்கள். அதில் வேறெந்த கழிவறைத் திரவத்தையும் கலக்கக்கூடாது, நச்சு வாயு வரும். பிறகு இரண்டு, மூன்று வெயில் நாள் காய வேண்டும். எங்காவது புதிதாகப் பூசியிருந்தால் 28 நாள் பொறுங்கள். பச்சைச் சிமெண்டின் காரம் நிறத்தைத் தின்றுவிடும்.

40 அடி நீளம், 8 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம், சுமார் 30 சதுர மீட்டர். காரம் தாங்கும் சீலர் ஒரு கோட்டுக்கு 5 லிட்டர் டின் ஒன்று போதும். வெளிப்புற எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு 7 லிட்டர். பெரிய நிறப்பரப்புகளை ரோலரில் எமல்ஷனால் நிரப்பிவிட்டு, விளிம்புக்கும் நிழலுக்கும் மட்டும் ஸ்ப்ரே வைத்துக்கொண்டால் 400 மில்லி டின் 15 முதல் 20க்குள் முடியும். முழுக்க ஸ்ப்ரே என்றால் டின் ஒன்று இரண்டு சதுர மீட்டர்கூட ஒழுங்காக மூடாது, செலவு எங்கேயோ போய்விடும். நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மின்னும் ஃப்ளோரசென்ட் வேண்டாம், நம் வெயிலில் அதுதான் முதலில் வெளுக்கும். மலிவான சிவப்பும் மஞ்சளும் அடுத்து. செம்மண் நிறங்கள், நீலம், பச்சை நின்று பிடிக்கும்.

டின்னை அடிப்பதற்கு முன் இரண்டு நிமிடம் குலுக்க வேண்டும். உள்ளே உருளும் குண்டின் சத்தம் தெளிவாகக் கேட்ட பிறகும் குலுக்குங்கள். முடித்ததும் தலைகீழாகப் பிடித்து வெறும் காற்று வரும்வரை அழுத்தினால் மூக்கு அடைக்காது. கொதிக்கும் மதியச் சுவரில் அடித்தால் சாயம் பறக்கும்போதே காய்ந்து, சொரசொரப்பாகப் படியும். காலையில் தொடங்கி, மாலை மழைக்கு முன் காயவிடுவதுதான் கணக்கு. துணி முகக்கவசம் தின்னர் ஆவியைத் தடுக்காது. ஆவியைப் பிடிக்கும் வடிகட்டி பொருத்திய கவசம் மூன்று பேருக்கும் வாங்கிக் கொடுங்கள். அந்தச் செலவைச் சங்கமே ஏற்கட்டும். காலி டின்னைக் குப்பையோடு எரித்தால் வெடிக்கும்.

தீபாவளி மழைக்கு முன் முடித்துவிடப் பாருங்கள். ஜூன், ஜூலை வாய்த்தால் நல்லது. சீலர் காயும் நாளில் பையன்கள் சும்மா நிற்க வேண்டாம். பழைய பிளைவுட் பலகை இரண்டு கொண்டுவந்து வெள்ளையடித்து, சுவரில் எழுதப்போகும் அதே அளவில் அந்த 'ழ'வை எழுதிப் பார்க்கட்டும். சுழியில் சாயம் வழியாமல் வந்த பிறகு சுவரைத் தொடலாம்.