திருப்பூரில் ஒரே நாள், பரமக்குடியில் எட்டு வருடம்

கேள்வி: என் தம்பி பி.காம். முடித்து வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து எட்டு வருடமாகிறது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்ததோடு சரி, ஒரு கடிதம்கூட வந்ததில்லை. அவனோடு படித்த பையன் திருப்பூர் போன மறுநாளே வேலையில் சேர்ந்துவிட்டான். வேலை கிடைப்பதிலும் ஊர் ராசி உண்டா?
- ஒரு வாசகி, பரமக்குடி

பதில்: ராசியெல்லாம் இல்லைம்மா. திருப்பூரில் வேலை அதிகம் என்பது பாதிக் காரணம்தான். ஆளும் வேலையும் சந்திக்க அங்கே நேரம் பிடிப்பதில்லை, அது மீதி. பனியன் கம்பெனி கேட்டிலேயே ‘ஓவர்லாக், பேட்லாக் டெய்லர், செக்கிங் ஆட்கள் தேவை’ என்று போர்டு தொங்கும். உள்ளே போனால் மெஷினில் உட்காரவைத்து நாலு பீஸ் தைக்கச் சொல்வார்கள், தேறுவாரா மாட்டாரா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும், தைக்கத் தெரியாதவருக்கும் பிசிறு வெட்ட, பீஸ் அடுக்க என்று ஏதாவது இருக்கும். ஒத்துவரவில்லையா, அடுத்த தெருவில் இன்னொரு கம்பெனி.

உங்கள் ஊரில் கணக்கு எழுத ஆள் தேடும் கடைக்காரர் போர்டு வைக்கமாட்டார். தெரிந்தவரிடம் சொல்லிவைப்பார். அந்தத் தெரிந்தவருக்கு உங்கள் தம்பியைத் தெரியாதே! ஆள் தேடுகிறவரும் வேலை தேடுகிறவரும் ஒரே ஊரில் இருந்தும் பார்த்துக்கொள்ளாமல் போவது இப்படித்தான். இதைக் கணக்குப் போட்டு விளக்கியதற்குத்தான் டயமண்ட், மார்ட்டென்சன், பிசாரிடிஸ் மூவருக்கும் 2010-ல் பொருளாதார நோபல் கொடுத்தார்கள்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தை நம்பியது தம்பியின் தப்பில்லை. ஆனால் 1959-ல் வந்த சட்டம், 25 பேருக்குக் குறையாத தனியார் நிறுவனங்களைக் காலியிடத்தைத் தெரிவிக்கத்தான் சொன்னது, அங்கே பதிந்தவர்களையே எடுக்கவேண்டும் என்று சொல்லவில்லை. அரசு வேலையோ பெரும்பாலும் தேர்வாணையத் தேர்வுகள் பக்கம் போய்விட்டது.

அதற்காக நாளைக்கே திருப்பூருக்கு பஸ் ஏற்றிவிடாதீர்கள். சட்டென்று எடுக்கிற ஊர், ஆர்டர் குறைந்தால் சட்டென்று நிறுத்தவும் செய்யும். அப்புறம், பி.காம். படிப்புக்கான வேலை கேட் போர்டில் வராது. முதலில் டேலி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் இரண்டும் கைப்பழக்கமாகட்டும், உள்ளூர் ஆடிட்டர் ஆபீஸில் சொற்பச் சம்பளமானாலும் பரவாயில்லை. ஒரு பில் கட்டைக் கொடுத்தால் என்ட்ரி போட்டுக் காட்ட முடிந்தால், அவனுக்கும் அந்தப் பத்து நிமிடப் பரீட்சை கிடைத்த மாதிரி.