தபாலில் வந்த வகுப்பு

கேள்வி: தொலைதூரக் கல்வியை முதலில் தொடங்கியவர் யார்? வகுப்புக்கே போகாமல் படித்தால் ஏதாவது மண்டையில் ஏறுமா?

பதில்: இவர்தான் முதல் ஆள் என்று ஒருவரைக் கைகாட்டுவது கஷ்டம். ஆனால் ஐசக் பிட்மனை விட்டுவிட முடியாது. சுருக்கெழுத்து வாத்தியார். 1840-ல் பிரிட்டனுக்குள் எங்கே அனுப்பினாலும் அரை அவுன்ஸ் கடிதத்துக்கு ஒரே பென்னிதான் என்று ஆனதும், மனிதர் அதைக் கப்பென்று பிடித்துக்கொண்டார். பாடம் தபாலில் போகும். மாணவர்கள் பைபிள் பகுதிகளைச் சுருக்கெழுத்தில் எழுதி அனுப்புவார்கள். பிழை திருத்தித் திருப்பி அனுப்புவார். அந்தத் திருத்தல்தான் விஷயமே; இல்லாவிட்டால் அது வெறும் புத்தக வியாபாரம்.

1858-ல் லண்டன் பல்கலைக்கழகம், கல்லூரியில் உட்காராதவர்களும் பட்டத்தேர்வு எழுதலாம் என்றது. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971-ல் டிவி, ரேடியோவோடு பாடத்தை ஆரம்பித்தது. இணையம் வந்த கதை உங்களுக்கே தெரியும்.

சரி, மண்டையில் ஏறுமா? எனக்கு ஏறியது. பகலில் வேலை, ராத்திரி பிள்ளை தூங்கிய பிறகு படிப்பு. பாதிப் பக்கத்தில் அது அழும். மடியில் போட்டுக்கொண்டு அதே வரியை நாலு தடவை படித்திருக்கிறேன். வகுப்பில் அப்படி யார் நிறுத்திச் சொல்லித் தருவார்கள்? ஒருமுறை பாடக்கட்டு தேர்வுக்கு மூன்று நாள் முன்புதான் வந்தது. திட்டிக்கொண்டேதான் படித்தேன். திருத்தி வந்த என் முதல் கட்டுரையின் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே வரி: 'கேள்வியை முதலில் படிக்கவும்.'