கரண்ட் வந்ததும் ஆளுக்கொரு போன்

கேள்வி: அம்மா, எங்கள் வீட்டில் ஐந்து பேர். கரண்ட் முறை வைத்துத்தான் வருகிறது. வந்த நிமிஷமே ஆளுக்கொரு மூலையில் போனும் கையுமாக உட்கார்ந்துவிடுகிறோம். 13 வயது மகன் மொபைல் லெஜண்ட்ஸ் விளையாட்டை விட்டு எழுந்திருப்பதில்லை. 3 வயது மகளுக்கு யூடியூப் இல்லாமல் ஒரு வாய் சோறு இறங்காது. மாமியாருக்கு சீரியல். இத்தனை மணி நேரம்தான் என்று சட்டம் போட்டால் இரண்டு நாள்கூட நிற்பதில்லை. என்ன செய்வது?
– ஒரு வாசகி, தாமுவே, யாங்கோன்

பதில்: மகளே, அந்தச் சட்டம் யாருக்குப் போட்டது? கடிதத்தில் மகன், மகள், மாமியார் எல்லோரும் இருக்கிறார்கள். உன்னையும் உன் கணவரையும் பற்றி ஒரு வரிகூட இல்லை. உன் மகன் முதலில் கவனிப்பது இதைத்தான். சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் போனில் வைபர் ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அப்பா "போனை வை" என்றால் அவன் வைக்க மாட்டான்.

நம்மைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. 2014இல் 1,500 சாட்டுக்கு (மியான்மர் பணம், கியாட்) சிம் கார்டு வந்த பிறகுதான் நம் வீடுகளில் ஆளுக்கொரு போன் வந்தது. அதுவரை தெருமுனையில் மேசை போட்டு வைத்திருந்த போனுக்குக் காசு கொடுத்துப் பேசியவர்கள் நாம். பெரியவர்களுக்கும் இது புதுப் பழக்கம்தான்.

சரி, சின்னவளிடமிருந்து தொடங்கு. 2 முதல் 4 வயதுக் குழந்தைகள் ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் திரை பார்க்க வேண்டாம், அதற்கும் குறைந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. எனக்கு மணிக்கணக்கைவிடச் சோற்றுத் தட்டுதான் கவலை. என் பேத்திக்கும் இந்தப் பழக்கம் இருந்தது. கண் போனில் இருக்கும். கரண்டி உதட்டில் பட்டதும் வாய் தானாகத் திறக்கும். ஒருநாள் பருப்புச் சோற்றின் நடுவே மொகிங்காவை, அதுதான் மீன் குழம்பு நூடுல்ஸை, ஊட்டிப் பார்த்தேன். அவளுக்கு வித்தியாசமே தெரியவில்லை. பயந்துபோனேன். பிள்ளைக்கு ருசியும் தெரியவில்லை, வயிறு நிறைந்ததும் தெரியவில்லை.

மறுநாள் போனை உள்ளே வைத்துவிட்டு, அவளை எங்களோடு பாயில் உட்கார வைத்து, சின்னக் கிண்ணத்தில் சோறு போட்டு அவள் கையிலேயே கொடுத்தோம். மூன்று நாள் அழுகை. பாதிச் சோறு பாயில் கிடந்தது. நாலாம் நாள் அப்பளத்தை நொறுக்கிப் போட்டுத் தானே பிசைந்தாள். நல்ல உடம்போடு இருக்கிற பிள்ளை ஒரு வேளை குறைவாகச் சாப்பிட்டால் அடுத்த வேளை பசித்துக் கேட்கும். மனம் இளகி ஐந்து நிமிஷம் மட்டும் என்று கொடுத்துவிடாதே. மறுபடி முதல் நாள் அழுகையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

மகன் ஆடுவது நடுவில் நிறுத்த முடியாத விளையாட்டு. ஒரு ஆட்டம் பத்து இருபது நிமிஷம் ஓடும். விட்டுவிட்டு வந்தால் கூட ஆடுகிறவர்கள் தோற்பார்கள். அந்த நேரத்தில் பிடுங்குவதால்தான் வீட்டில் சண்டை. அவனுக்கு நிமிஷக் கணக்கு வேண்டாம், ஆட்டக் கணக்கு வை. பள்ளி நாளில் இரண்டு. எத்தனை மணிக்கு ஆடுவது என்பதை அவனே முடிவு செய்யட்டும்.

மாமியாரின் சீரியலை விட்டுவிடு. அது ஒரு நேரத்துக்கு முடிந்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டும் பார்க்கலாம். முடிவே இல்லாமல் அடுத்தது, அடுத்தது என்று ஓடுகிற வீடியோதான் ஆளை இழுக்கிறது. யூடியூபில் ஆட்டோபிளேயை நிறுத்தி வை.

அப்புறம் ராத்திரி. கரண்ட் எப்போது வருமோ, வந்ததும் சார்ஜ் போட வேண்டுமே என்று போனைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொள்கிறோம். ஒயரைச் சொருகியே வைத்தால் கரண்ட் வந்ததும் தானாக ஏறிக்கொள்ளும். ஒன்பதரைக்கு நாலு போனும் கூடத்து அலமாரியில் இருக்கட்டும். காலையில் எழுப்ப ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிக்கொள். முதலில் அங்கே போக வேண்டியது உன் போன், அடுத்தது உன் கணவருடையது. மகன் பார்க்கும்படி வையுங்கள்.

கேள்வி: போன் பார்த்துப் பார்த்துக் கண் எரிகிறது. நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி வாங்கலாமா?
– ஒரு வாசகர், பெகு

பதில்: அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள் தம்பி. உற்றுப் பார்க்கும்போது இமை கொட்டுவது குறைகிறது. கண் காய்ந்து எரிகிறது. 20 நிமிஷத்துக்கு ஒரு முறை 20 அடிக்கு அப்பால் எதையாவது 20 விநாடி பாருங்கள். எதிர் வீட்டு மாடியில் காயும் லுங்கி போதும். எரிச்சல் விடவில்லை என்றால் கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.