புதிய தலைமுறை பிராசஸருக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: வீட்டிலிருந்தே கணக்கு எழுதும் வேலையும் மொழிபெயர்ப்பும் செய்கிறேன். பழைய லேப்டாப்பை மாற்ற வேண்டியிருக்கிறது. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களைப் பார்த்து வைத்துள்ளேன். இரண்டிலும் ரேம் 8 ஜிபி. போன தலைமுறை பிராசஸர் உள்ளதைவிட, புதிய பிராசஸர் உள்ளது 25 சதவீதம் விலை அதிகம். அது இரண்டு ஆண்டுகள் கூடுதலாக உழைக்கும் என்கிறார் விற்பனையாளர். கொடுக்கலாமா?

பதில்: உங்கள் வேலைக்கு அந்தக் கூடுதல் தொகையைப் பிராசஸருக்காகக் கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. நீண்ட நாள் உழைக்கும் என்பதற்காக ஒரு பொருளை அதிக விலைக்கு வாங்கும்போது, விலையை அது உழைக்கக்கூடிய ஆண்டுகளால் வகுத்துப் பார்ப்பது நல்லது. விலை குறைந்த மாடலை 100 என்று வைத்துக்கொண்டால், ஐந்து ஆண்டுகள் பயன்படுத்தும்போது ஆண்டுச் செலவு 20 ஆகிறது. 125 கொடுத்து வாங்கியது ஆறேகால் ஆண்டுகள் உழைத்தால்தான் அந்த 20-ஐ எட்டும். உங்கள் ஆதாயம் அதற்குப் பிறகுதான் தொடங்கும்.

பிராசஸர் மட்டும் புதிதாக இருப்பதால் அந்த ஒன்றேகால் ஆண்டு கிடைத்துவிடாது. பெரும்பாலான லேப்டாப்புகளில் முதலில் தளர்வது பேட்டரி. அதற்கடுத்து திரையைத் தாங்கும் கீல், சார்ஜர் செருகும் துளை, தூசி அடைத்த விசிறி ஆகியவை தொல்லை தரும். இவையெல்லாம் இரண்டு மாடல்களிலும் ஒரே வேகத்தில்தான் தேயும். அடுத்தது ரேம், அதாவது திறந்திருக்கும் வேலைகளைத் தற்காலிகமாகத் தாங்கும் நினைவகம். பிரவுசரில் பத்துப் பதினைந்து பக்கங்கள், ஒரு பெரிய எக்செல் கோப்பு, மொழிபெயர்ப்பு மென்பொருள் என எல்லாம் ஒன்றாகத் திறந்திருக்கும்போது 8 ஜிபி நிரம்பிவிட்டால், கணினி மிச்சத்தை, கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி-க்குத் தள்ளி, தேவைப்படும்போது திரும்ப எடுத்து வருகிறது. பிராசஸர் பழசாகிவிட்டது என்று பலர் நினைப்பது பல நேரங்களில் இந்தத் தாமதத்தைத்தான். இப்போதைய லேப்டாப்பிலேயே இதைச் சோதிக்கலாம்: வழக்கமான வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். சிபியு (பிராசஸர்) அளவு தாழ்ந்தே இருக்க, மெமரி (ரேம்) அளவு 90 சதவீதத்தைத் தொட்டு நின்றால், பணம் போக வேண்டிய இடம் ரேம்தான்.

தலைமுறை முக்கியமாகும் ஒரு சூழலும் உண்டு. 2021-இல் வந்த விண்டோஸ் 11, இன்டெல் பிராசஸர்களில் சில விலக்குகள் தவிர எட்டாம் தலைமுறைக்கு முந்தையவற்றை ஏற்கவில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. 2017-இல் ஏழாம் தலைமுறையை வாங்கியவர்களுக்கு அந்த ஒரு படி வேறுபாடு பெரிதாகவே உறுத்தியிருக்கும். ஆனாலும் அவர்களுக்கும் எட்டு ஆண்டுகள் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் கிடைத்தன என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆகவே ஒரு தலைமுறை பின்தங்கியதை வாங்கலாம். நான்கைந்து தலைமுறை பின்தங்கியதை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், தவிர்த்துவிடுங்கள்.

பெட்டியில் அச்சிட்ட எண்ணை மட்டும் நம்பியும் புதியது என்று முடிவுசெய்துவிடாதீர்கள். இன்டெல் போலவே பிராசஸர் தயாரிக்கும் ஏஎம்டி-யின் ரைசன் 5 7520யு, 7000 வரிசையில் விற்கப்பட்டாலும், அதன் உள்ளே இருப்பது 2019-இல் அறிமுகமான ஜென் 2 வடிவமைப்பு. அதே வரிசையின் 7540யு, ஜென் 4. அந்த வரிசையில் மூன்றாவது இலக்கத்தைப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

மின்இணைப்பு இல்லாத இடங்களில் மணிக்கணக்கில் வேலை செய்பவராக இருந்தால், மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கும் புதிய பிராசஸருக்குப் பணம் கொடுப்பதில் நியாயம் உண்டு. அது இன்றைய வசதிக்கான விலை, ஆயுளுக்கான விலை அல்ல. நீங்கள் வீட்டில் இருந்து வேலை செய்வதால் அது உங்களுக்குப் பொருந்தாது.

எனவே போன தலைமுறை மாடலையே 16 ஜிபி ரேமுடன் கேளுங்கள். ரேம் மதர்போர்டில் நிரந்தரமாகப் பற்றவைக்கப்பட்டிருந்தால் பிறகு கூட்ட வழியில்லை என்பதால், வாங்கும்போதே 16 ஜிபி எடுத்துவிடுங்கள். தனி ஸ்லாட் இருந்தால் பிறகும் சேர்க்கலாம். 25 சதவீதத்தில் மிஞ்சும் தொகையை மூன்றாம் அல்லது நான்காம் ஆண்டில் பேட்டரி மாற்றுவதற்கென ஒதுக்கி வையுங்கள். அந்த மாடலுக்கு மாற்று பேட்டரி தனியாகக் கிடைக்குமா, யார் மாற்றித் தருவார்கள் என்பதை மட்டும் பணம் கட்டுவதற்கு முன்பே விற்பனையாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.