ஒரு நாளுக்கு ஒரு மலை போதும்

கேள்வி: பொங்கல் விடுமுறைக்கு மதுரை நாகமலைப் பக்கம் கணவரின் ஊருக்குப் போகிறோம். பாறைகளில் இருக்கும் சமணச் சிற்பங்களைத் தேடிப் பார்க்க எனக்கு ரொம்ப ஆசை. 13, 9 வயதில் இரண்டு பிள்ளைகள். போன தடவை ஒரே நாளில் நாலைந்து மலைகளுக்கு இழுத்துப் போனதில் இருவரும் வெறுத்துப்போனார்கள். இந்த முறை எப்படிப் போகலாம்? – வாசகி, கோவை

பதில்: அன்புச் சகோதரி, ஒரு நாளுக்கு ஒரு மலை போதும். முதலில் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும் கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போங்கள். வெயில் ஏறுவதற்குள் மேலே இருக்க வேண்டும். பிள்ளைகள் களைக்கக் கூடாது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. இவை பாறை முகத்தில் புடைப்பாகச் செதுக்கியவை. வெளிச்சம் சாய்வாக விழுந்தால்தான் முகமும், தலைக்கு மேலே மூன்றடுக்காக இருக்கும் முக்குடையும் எடுப்பாகத் தெரியும். உச்சிவெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும்.

படியேறினால் பேச்சிப்பள்ளம். சுனைக்கு மேலே சமணர்கள் வணங்கும் மகாவீரர், பார்சுவநாதர், பாகுபலி எல்லாம் வரிசையாக இருக்கிறார்கள். ஆயிரம் வருடத்துக்கு மேலாக மழையிலும் வெயிலிலும் நிற்கும் சிலைகள். அவற்றின் கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் யார் செய்வித்தது என்று பொறித்திருக்கிறது. அதில் ஒன்றை அச்சணந்தி என்ற சமணத் துறவியின் தாயார் குணமதியார் செய்வித்தார். பிள்ளைகளிடம் இந்த அம்மாவின் பெயரைச் சொல்லிவிட்டு, எழுத்துள்ள இடங்களை அவர்களையே தேட விடுங்கள். பெரியவளோ பெரியவனோ, வட்டெழுத்தில் நாலு எழுத்தை வீட்டிலேயே பழகி வந்தால் இன்னும் நல்லது.

மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்புடவு. குகைக்குள்ளே சிங்கத்தின் மேல் ஏறி வில்லோடு ஒரு பெண், யானைமேல் வரும் வீரனை எதிர்க்கிறாள். சின்னவருக்கு இது கட்டாயம் பிடிக்கும். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் பிடியுங்கள், உருவம் துலங்கும். எழுத்து தெரியட்டும் என்று சுண்ணக்கட்டி தேய்ப்பது, தண்ணீர் ஊற்றுவது எல்லாம் வேண்டவே வேண்டாம்.

அச்சணந்தியை விட்டுவிடாதீர்கள். இன்னொரு நாள் மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டிக்குப் போனால் அவர் செய்வித்த தீர்த்தங்கரர் (சமண அருகர்) சிற்பம் இருக்கிறது. அம்மாவை ஒரு மலையில் பார்த்த பிள்ளைகள் மகனை அடுத்த மலையில் பார்க்கட்டும்! அதே ஊரில் பாறையைக் குடைந்து செய்த பாண்டியர் காலத்துச் சிவன் கோயிலும், சிவனின் வடிவமாகக் கருதப்படும் லகுலீசர் சிற்பமும் உண்டு. 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் என்பதால் வானத்தையும் பாருங்கள், வல்லூறுகள் வட்டமிடும்.

அங்கே வழிகாட்டிப் பலகையைத் தேடுவதைவிட ஊர்க்காரர்களைக் கேளுங்கள். 2024-ல் டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தபோது இந்த மலைகளுக்காகச் சுற்றுவட்டாரமே திரண்டது, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அதனால் எந்தச் சிற்பம் எங்கே என்று அவர்கள் ஆசையாகவே சொல்வார்கள். அப்புறம், பாறை இடுக்குகளில் தேன்கூடு இருக்கலாம். சத்தம் போடாமல் நடக்கப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவையுங்கள், தண்ணீர் கூடுதலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.