விபத்து இழப்பீடும் ராணுவ ஊன ஓய்வூதியமும்: கேள்வி பதில்

கிருஷ்ணகிரி, தருமபுரி நீதிமன்றங்களில் 20 வருஷமாக வக்கீலாக இருக்கிறேன். பெரும்பாலும் தொழிலாளர் விபத்து வழக்குகள், முன்னாள் படைவீரர் வழக்குகள். கேட்டவர்களின் பெயரை எடுத்துவிட்டேன், ஊரை மட்டும் விட்டிருக்கிறேன். பதிலுக்குப் போவதற்கு முன் எல்லாருக்கும் ஒன்று: வெள்ளைத்தாளிலோ நிரப்பாத பத்திரத்திலோ கையெழுத்துப் போடாதீர்கள். ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருக்கும்போது யார் நீட்டினாலும் போடாதீர்கள்.

ஓசூர்: மேடம், என் தம்பிக்கு 30 வயது. ஏழு பேர் வேலை செய்யும், தகடு அழுத்தும் பிரஸ் பட்டறையில் மாதம் 18,000 சம்பளம். 2024 செப்டம்பரில் வலது கையின் நான்கு விரலும் போய்விட்டது, கட்டைவிரல் மட்டும்தான் மிச்சம். ஆஸ்பத்திரிச் செலவை முதலாளி கட்டினார். பிறகு 50,000 கொடுத்து, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று முத்திரைத்தாளில் எழுதி வாங்கிவிட்டார். இனி ஒன்றும் கேட்க முடியாதா?

கேட்கலாம். அந்த முத்திரைத்தாளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 1923-ஆம் வருஷத்து ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுத்து எழுதித் தரும் ஒப்பந்தம் செல்லாது. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. ஆனால் உங்கள் தம்பிக்கு அடிபட்டது அதற்கு முன்னால், அதனால் பழைய சட்டப்படியே கணக்குப் போடுகிறேன். பத்துப் பேருக்குக் குறைவான பட்டறை என்பதால் ஈஎஸ்ஐ இங்கே வராது.

சம்பளம் 18,000 என்றாலும் கணக்குக்கு 15,000 வரைதான் எடுப்பார்கள். அதில் 60% என்றால் 9,000. விபத்தின்போது 30 வயது முடிந்திருந்தால் அதற்கான காரணி 207.98. பெருக்கினால் 18,71,820, இது முழு ஊனத்துக்கான தொகை. ஒரு கையின் நான்கு விரல் இழப்புக்குச் சட்டத்தின் அட்டவணை 50% என்கிறது. ஆக 9,35,910 ரூபாய். இது குறைந்தபட்சம். அடிபட்ட ஒரு மாதத்துக்குள் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காததால் 12% வட்டி உண்டு, காரணமில்லாத தாமதம் என்றால் 50% வரை அபராதமும் உண்டு. ஆஸ்பத்திரிச் செலவு இதற்கு மேல் தனி. "பில் நான்தானே கட்டினேன்" என்று இழப்பீட்டில் கழிக்க முடியாது.

அடிபட்ட நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் மனு போட வேண்டும். 2026 செப்டம்பர் என்று காலண்டரில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். முதலாளி இன்னொரு தாள் நீட்டினால் கையெழுத்துப் போடாமல் என்னிடமோ வேறு வக்கீலிடமோ காட்டுங்கள்.

பாலக்கோடு: ஊனச் சான்றில் 45% போட்டிருக்கிறது. எவ்வளவு பணம் வரும்?

எதற்காக, எப்படி அடிபட்டது என்று சொல்லாமல் பதில் சொல்ல முடியாது. 40% அல்லது அதற்கு மேல் என்றால் 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி சலுகைகளுக்குத் தகுதி. மாத உதவித்தொகை வேறு, விபத்து இழப்பீடு வேறு. கலெக்டர் அலுவலகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது, சான்றோடு அங்கே போங்கள்.

பர்கூர்: அம்மா, நான் ராணுவத்தில் 17 வருஷம் நாயக் வரை இருந்து 2011-ல் பணிக்காலம் முடிந்து வந்தேன். கடைசி மெடிக்கல் போர்டில் ரத்த அழுத்தம் 30% என்று போட்டு, "பணியால் வந்ததும் இல்லை, பணியால் அதிகமானதும் இல்லை" என்று எழுதி ஊன ஓய்வூதியத்தை மறுத்துவிட்டார்கள். இவ்வளவு வருஷம் கழித்துக் கேட்கலாமா?

கேளுங்கள். என் அப்பாவும் பெங்களூர் எம்.இ.ஜி. என்ற ராணுவப் பொறியாளர் பிரிவில் இருந்தவர். அவருடைய போர்டு தாளிலும் பால்பாயின்ட் பேனாவில் உங்களுக்கு எழுதிய அதே வரிதான், சுருக்கமாக நாலு ஆங்கில எழுத்தில்: என், ஏ, என், ஏ. அந்தக் கட்டத்துக்குக் கீழே "காரணம்" என்று இருந்த வரி காலியாக இருந்தது. அப்பா அதை மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டார். கேட்டால், "எழுதியாச்சு, அவ்வளவுதான்" என்பார்.

அவ்வளவுதான் இல்லை. 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: சேரும்போது உடம்பில் அந்த நோய் இருந்ததாகக் குறிப்பு இல்லையென்றால், பின்னால் வந்தது பணியால் வந்தது என்றே கொள்ள வேண்டும். இல்லையென்று சொல்ல போர்டு காரணம் எழுத வேண்டும். நிரூபிக்கும் சுமை சிப்பாய் மேல் இல்லை. அப்புறம் 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கு. பணிக்காலம் முடிந்து வந்தவர்களுக்கும் சதவீதத்தை மேல்நோக்கி முழுதாக்க வேண்டும் என்றது. 20 முதல் 50-க்குள் இருந்தால் 50 என்று எடுத்துக்கொள்வார்கள். உங்கள் 30%, 50% ஆகும். முழு ஊனத்துக்குக் கடைசி ஊதியத்தில் 30% என்பதால் உங்களுக்கு அதில் பாதி, அதாவது 15%, இப்போது வாங்கும் ஓய்வூதியத்துக்கு மேல்.

முதல் வேலை: உங்கள் ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதி, மெடிக்கல் போர்டு நடவடிக்கையின் முழு நகலையும் வாங்குங்கள். மறுப்புக் கடிதம் ஒரு பக்கம்தான் இருக்கும், அது போதாது. எந்தெந்த வருஷம் மலைப்பகுதியில், எல்லையில் இருந்தீர்கள் என்று டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் பார்த்து ஒரு தாளில் எழுதிவையுங்கள். மேல்முறையீடு செய்து, மறுத்தால் சென்னையில் இருக்கும் ராணுவத் தீர்ப்பாயம். மாதாமாதம் தொடரும் உரிமை என்பதால் தாமதம் வழக்கைக் கொல்லாது. ஆனால் நிலுவை பொதுவாக வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய 3 வருஷத்துக்குத்தான். 2011-லிருந்து முழுதும் வரும் என்று எண்ண வேண்டாம். ஒவ்வொரு மாதமும் தள்ளினால் ஒரு மாதப் பணம் போகிறது.

2023 செப்டம்பர் 21-க்குப் பிறகு பணியை விட்டவர்களுக்குப் புதிய விதிகள். அவர்கள் இந்தப் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தருமபுரி (பட்டறை உரிமையாளர்): மேலே ஓசூர் பதிலைப் படித்தேன். நான்கு விரல் போனவருக்கு 50% சரி. அதையும் "குறைந்தபட்சம்" என்கிறீர்களே? அவர் வாட்ச்மேன் வேலை பார்க்கலாமே. எங்களைப் போன்ற சின்ன பட்டறைக்காரர்கள் எங்கே போவது?

நியாயமான கேள்வி, நிதானமாகவே பதில் சொல்கிறேன். 1975-ல் பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கு. ஒரு தச்சருக்கு இடது கை முழங்கைக்கு மேலே போய்விட்டது. இது முழு ஊனம் இல்லை என்றது முதலாளி தரப்பு. ஒரு கையால் தச்சு வேலை முடியாது, அதனால் இவருக்கு இது முழு ஊனம் என்றது உச்ச நீதிமன்றம். 2010 ராஜ்குமார் தீர்ப்பிலும் இதே கருத்து: டாக்டர் தரும் சதவீதம் உடம்பின் கணக்கு, இழந்த சம்பாத்தியம் வேறு கணக்கு. கை போன குமாஸ்தாவும் கை போன டிரைவரும் ஒன்றல்ல. எல்லா வழக்கிலும் 100% கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன், சாட்சியைப் பொறுத்தது.

வாட்ச்மேன் வேலை பற்றி. சில வருஷம் முன் இதே மாதிரி பிரஸ்ஸில் அடிபட்ட ஒருவர் வக்காலத்தில் கையெழுத்துப் போட என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தார். இடது கையில் பேனாவைக் கைப்பிடி பிடிப்பதுபோல் மொத்தமாகப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாக வரைந்தார். பாதியில் நிறுத்தி, "ரேகை வைக்கட்டுமா?" என்றார். ஐ.டி.ஐ. முடித்தவர்.

அதே தருமபுரி உரிமையாளர்: வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் 18 லட்சம் கட்டினால் பட்டறையையே மூட வேண்டும். மீதி ஆறு பேர் நடுத்தெருவில்.

அதற்குத்தான் தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி. அடிபட்ட பிறகு வருந்துவதைவிட இந்த வாரமே எடுங்கள். இழப்பீட்டை இன்சூரன்ஸ் கட்டும். அபராதம் மட்டும் உங்கள் கையிலிருந்து போகும், அதனால் ஒரு மாதக் கெடுவைத் தாண்டாதீர்கள். பிரஸ்ஸில் இரண்டு கையாலும் அழுத்தினால்தான் இயங்கும் பாதுகாப்புப் பொத்தானைக் கழற்றிவிட்டு மிதிகட்டை போட்டு ஓட்டுகிறீர்களா என்றும் இன்றைக்கே போய்ப் பாருங்கள்.

ஊத்தங்கரை: சான்றில் 60% இருக்கிறது. எவ்வளவு வரும்?

பாலக்கோட்டுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

சூளகிரி: வேலைக்குச் சேர்ந்த நாலாம் நாளே அடிபட்டது. ஈஎஸ்ஐ பணம் இன்னும் கட்டவில்லை, உனக்குக் கிடையாது என்கிறார்கள்.

தவறு. பணியிடக் காயத்துக்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையே இல்லை. முதல் நாளே உரிமை உண்டு. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சராசரிக் கூலியில் 90%. விபத்து அறிக்கையை நிர்வாகம் அனுப்பியதா என்று எழுத்தில் கேளுங்கள். "வீட்டில் விழுந்தேன்" என்று எழுதித் தரச் சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த ஒரு வரி வழக்கையே முடித்துவிடும்.

நல்லம்பள்ளி: தொப்பூர் கணவாயில் அப்பாவின் வண்டியை லாரி இடித்துவிட்டுப் போய்விட்டது. கால் எலும்பு முறிவு. லாரி நம்பர் தெரியவில்லை.

இடித்துவிட்டு ஓடிய வாகனத்துக்குத் தனித் திட்டம் இருக்கிறது: கொடுங்காயத்துக்கு 50,000, உயிரிழப்புக்கு 2 லட்சம். எஃப்.ஐ.ஆர்., சிகிச்சைத் தாள்களோடு கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். அதற்குள் லாரி கிடைத்துவிட்டால் அது வாகன விபத்துத் தீர்ப்பாய வழக்கு. அதற்கு 6 மாதக் கெடு, சும்மா காத்திருக்காதீர்கள்.

அரூர்: பாகப்பிரிவினையில் அண்ணன் ஏமாற்றிவிட்டார்...

என் துறை இல்லை. சிவில் வக்கீலைப் பாருங்கள்.

காவேரிப்பட்டணம்: 50% சான்று. எவ்வளவு?

மூன்றாவது முறை. எப்படி அடிபட்டது, எங்கே வேலை, என்ன சம்பளம், எத்தனை வயது. இந்த நான்கையும் எழுதுங்கள், கட்டாயம் பதில் சொல்கிறேன்.

பென்னாகரம்: கேஸ் நடத்தக் காசில்லை. வரும் பணத்தில் கால் பங்கு கொடுத்தால் போதும் என்கிறார் ஒருவர்.

வேண்டாம். இழப்பீட்டில் பங்கு பேசி வழக்கு எடுப்பது வக்கீல்களுக்கே தடை, தரகருக்கு எங்கிருந்து உரிமை? மாற்றுத்திறனாளிக்கும் தொழிலாளிக்கும் வருமானக் கணக்கே பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். தருமபுரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100-க்கும் அழைக்கலாம். அவரிடம் ஏற்கெனவே ஏதாவது கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால் அதை முதலில் சொல்லுங்கள்.

ஓசூர் (முதலில் கேட்டவர்): மேடம், தம்பியை எப்போது அழைத்து வரட்டும்?

வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குப் பிறகு. டிஸ்சார்ஜ் சம்மரி, வயதுச் சான்று, சம்பளம் வந்த பேங்க் பாஸ்புக், அந்த முத்திரைத்தாள் நகல். கூட வேலை பார்த்த ஒருவர் சாட்சி சொல்வாரா என்று கேட்டுவையுங்கள்.