கேள்வி பதில்: கூட்டுவதும் தொழில்தானா?

கேள்வி: என் மகன் யாங்கோனில் நகைப் பட்டறைக்குப் போய் ஓராண்டாகிறது. இன்னும் கூட்டுவதும் கரியடுப்பு ஊதுவதும்தான். இது தொழில் கற்பதா? – ஒரு தாய்

பதில்: ஆமாம்மா. அவன் கூட்டுகிற தூசியில் தங்க அரத்தூள் கிடக்கிறது. இங்கே தங்கம் நிறுக்கும் பர்மிய அளவில் ஒரு கியத்தா 16 பே, ஒரு பே 8 யுவே. ஒரு யுவே 0.13 கிராம்கூட வராது; அதையும் சிந்தாத கைக்குத்தான் தங்கம் கொடுப்பார்கள். நானும் மாமா பட்டறையில் இரண்டு வருஷம் கூட்டினேன். நகைத் துண்டுகளை ஒட்ட, வெங்காரம் என்ற உப்பைத் தடவி, பற்றுப்பொடி என்ற ஒட்டுப்பொடியை வைத்து நெருப்பை ஊதும்போது அந்தப் பொடி உருகி மினுங்கி ஓடும். அந்தக் கணத்தில் நெருப்பை விலக்க வேண்டும். தாமதித்தால் நகையே உருகிவிடும். எத்தனை சொன்னாலும் இது புரியாது, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத்தான் கண் பழகும். செம்புக் கம்பியாவது இழுக்கக் கொடுத்தார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஆசாரியிடம் நீங்களே போய்ப் பேசுங்கள்.